நாக்கு எங்கே தொடுகிறது

‘ட’ என்று சொல்லும்போது நாக்கு எங்கே தொடுகிறது என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். என் மகள் வயதுதான் இருக்கும். பக்கத்து நாற்காலியில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பேச்சு வரவழைக்கத்தான் போயிருந்தோம். கேள்வி என்னவோ என்னிடம் வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். வருஷா வருஷம் கரும்பலகையில் ‘ட’ எழுதிப்போட்டு வகுப்பையே கத்த வைக்கிறவள்.

“பல்லுல” என்றேன்.

“சொல்லிப் பாருங்க மேடம்.”

சொல்லிப் பார்த்தேன். பல்லில் இல்லை. நாக்கு நுனி மேலே சுருண்டு, அண்ணத்தில் போய்த் தட்டிவிட்டு இறங்கியது. இன்னொரு முறை சொன்னேன். மறுபடியும் அங்கேதான். இத்தனை வயதுக்கு என் வாய்க்குள் என்ன நடக்கிறதென்று எனக்கே தெரியவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஆச்சரியம் வெட்கத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்துவிட்டது. பக்கத்தில் நோயாளி உட்கார்ந்திருப்பதையும் மறந்து ட, த, ட, த என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பேச்சு நன்றாக இருந்திருந்தால் அங்கேயே கிண்டல் அடித்திருப்பார்.

அவர் நன்னிலத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கல்யாணம் ஆவதற்கு முன்பே அந்த வேலைதான். வெற்றிலைக்குள் புகையிலை வைத்து அடக்கிக்கொண்டு, படிக்கட்டில் ஒரு காலும் காற்றில் ஒரு காலுமாக நின்று ஊர்ப் பெயர்களைக் கத்துகிறவர். நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண் வந்தது. வாய்ப்புண் என்று மணத்தக்காளிக் கீரை சமைத்துப் போட்டேன். ஆறவில்லை. கடைசியில் டாக்டர்கள் அந்த ஓரத்தையும் நுனியில் கொஞ்சத்தையும் வெட்டி எடுத்தார்கள். ஆள் பிழைத்தார். சோறு இறங்கியது. பேச்சுதான் வாயில் கூழை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. இதில் அவர் பேசியதாக வருவதையெல்லாம் நான் ஒழுங்கான எழுத்தில் எழுதுகிறேன். அவர் வாயிலிருந்து அது அப்படி வரவில்லை. எனக்கும் மகளுக்கும் மட்டும் புரியும்.

பஸ் முதலாளி வீட்டுக்கு வந்து பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

“உங்க எடம் உங்களுக்குத்தான். மாத்து ஆள் போட்டு ஓட்டிட்டிருக்கேன். சம்பா நடவு சமயத்துல கூட்டம் வரும், அப்ப ஒரு நாள் வண்டிக்கு வாங்க. நானும் கூட வரேன். நீங்க சொல்றது புரிஞ்சு ஜனம் ஏறி எறங்கினா எனக்குப் போதும். புரியலன்னா ஷெட்டுல டீசல், டயர் பாத்துக்கங்க. சம்பளத்துல கொறைக்க மாட்டேன்.”

அவர் போன பிறகு என் கணவர் காபி டம்ளரை எடுத்து உள்ளே வைத்தார். அப்புறம் சொன்னார்: “ஷெட்டுல யாரோட பேசுறது? டயரோடயா?”

அவருக்கு அந்தப் படிக்கட்டு வேண்டும். அவ்வளவுதான் விஷயம். சம்பா நடவுக்குள் பேச்சு திரும்பியாக வேண்டும் என்று நான் முடிவு கட்டினேன். முடிவு கட்டியது அவருக்காகத்தான். ஆனால் அந்த ‘ட’ என்னைப் பிடித்துக்கொண்டதையும் சொல்லியாக வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியிலேயே ஆரம்பித்துவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டு, க, ச, ட, த, ப என்று மெதுவாகச் சொன்னேன். அம்மாபேட்டை தாண்டும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ‘க’ சொல்லும்போது நாக்கின் அடிப்பக்கம் எழுந்து தொண்டைக்குக் கிட்டே அடைக்கிறது. ‘ச’ அதற்குக் கொஞ்சம் முன்னால். ‘ட’ இன்னும் முன்னால். ‘த’ பல்லுக்கு வந்துவிட்டது. ‘ப’ உதட்டில். தொண்டையில் கிளம்பி உதட்டில் வந்து இறங்குகிற ஒரு ரூட்! நான் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைக்கிற நெடுங்கணக்கு வாயின் வரைபடமாக இருக்கிறது. ‘ற’ மட்டும் வரிசையில் நிற்காமல் கடைசியில் வந்து ஏறிக்கொண்டது. எழுத்துகளின் பிறப்பு என்று இலக்கணத்தில் ஒரு பகுதி உண்டு. பரீட்சைக்கு வராது என்று எங்களுக்குப் படிக்கும்போதே தாண்டிவிட்டார்கள். நானும் அப்படியே தாண்டிவிட்டு டீச்சர் ஆகிவிட்டேன்.

“க, ச, ட, த, ப வரிசையா ஸ்டாப்பிங் மாதிரி இருக்குங்க” என்று அவர் காதில் சொன்னேன்.

“டிக்கெட் எடுத்தியா?” என்று கேட்டார். அது எனக்குப் புரிந்தது.

அதன் பிறகு வீடு வீடாக இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று சொல்லிப் பாருங்கள், சொல்ல முடியாது. சத்தம் முழுக்க மூக்கு வழியாகத்தான் வெளியே போகிறது. அதை நான் வகுப்பில் செய்து காட்டினேன். பிள்ளைகள் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அம்மா, அம்மா என்று கத்த, தலைமை ஆசிரியர் என்ன ஆயிற்றோ என்று ஓடி வந்தார். ‘பரிசோதனை சார்’ என்றேன். ‘தமிழ் பீரியட்ல என்னங்க பரிசோதனை?’ என்று கேட்டுவிட்டுப் போனார். நியாயமான கேள்விதான்.

அடுத்தது தொண்டை. குரல்வளையில் விரலை வைத்துக்கொண்டு ‘பல்’ என்று சொன்னால் ‘ப’ வரும்போது அங்கே அதிர்வு இல்லை. ‘கம்பு’ என்று சொன்னால் நடுவில் வருகிற ‘பு’வில் விரல் கிடுகிடுக்கிறது. எழுதுவது ஒரே எழுத்து, வாய் சொல்வது இரண்டு ஒலி. ‘க’வைக் கேட்கவே வேண்டாம். ‘கல்’லில் ஒன்று, ‘சங்கு’வில் ஒன்று, ‘நகம்’ என்று சொல்லும்போது காற்றாகக் கரைந்துபோகிற இன்னொன்று. மூன்றையும் ஒரே சட்டைக்குள் போட்டு வைத்திருக்கிறோம், ஒரு நாளும் குழம்பியதில்லை. எந்த இடத்தில் எதைச் சொல்வது என்று யார் நமக்குச் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. நடக்கப் பழகியது போலப் பழகிவிட்டோம். வடநாட்டிலிருந்து நாற்று நட வந்திருந்த ஒரு கூட்டத்தாரிடம் கடைத்தெருவில் ‘கல்’, ‘சங்கு’ இரண்டையும் சொல்லிக் காட்டி, உங்கள் காதுக்கு இதில் ஒரே ‘க’வா, இரண்டா என்று கேட்கலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வேலைக்கு வருவோம். அவருடைய ரூட்டில் உள்ள நிறுத்தங்களை எல்லாம் சொல்லச் சொல்லிக் கேட்டேன். எது பிழைத்தது, எது போயிற்று என்று பார்க்க வேண்டுமே. ‘ம’வும் ‘ப’வும் சேதமில்லை, அவை உதட்டுச் சொத்து. ‘க’வும் பின்னால் பத்திரமாக இருந்தது. உயிரெழுத்துகளும் கிட்டத்தட்ட முழுசாக வந்தன. அவற்றுக்கு நாக்கு எங்கேயும் போய் முட்ட வேண்டியதில்லை. ஏறி இறங்கினால் போதும். அடி வாங்கியது நடுவில் இருப்பவை. ‘ட’ வரவில்லை. ‘ர’ ‘ல’ ‘ள’ மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடந்தன. ‘ச’ சொன்னால் இடது கன்னத்துப் பக்கமாகக் காற்று வழுக்கிக்கொண்டு போனது. அப்புறம் ‘ழ’.

“ழ எனக்கு எப்பவுமே கெடையாது” என்றார். “வாளப்பளம்னுதானே சொல்லிட்டிருந்தேன். போனது போகட்டும், அதுக்கு நீ அழாத.”

உண்மைதான். தமிழின் பெருமை என்று மேடையில் ‘ழ’வைப் பேசிவிட்டு இறங்கி வந்து ‘வாளப்பளம் என்ன வெல’ என்று கேட்கிறவர்கள்தான் நாங்கள் எல்லோரும். வகுப்பில் மட்டும் நான் நாக்கைச் சுருட்டுவேன். அன்றைக்கு நாங்கள் இருவரும் ரொம்ப நாள் கழித்துச் சிரித்தோம்.

நாக்கு அண்ணத்தில் எந்த இடத்தில் தொடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருப்பதாக அந்தப் பயிற்சிப் பெண் சொல்லியிருந்தாள். நாக்கில் கறுப்பாக எதையாவது பூசிக்கொண்டு ஓர் ஒலியை மட்டும் சொல்லிவிட்டு, உடனே வாயைத் திறந்து கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். தொட்ட இடத்தில் கறை ஒட்டியிருக்கும். படிக்கிற காலத்தில் அவர்கள் செய்து பார்த்தார்களாம். வீட்டில் செய்யச் சொல்லி அவள் சொல்லவில்லை. நான்தான் விடவில்லை. புண் நன்றாக ஆறிவிட்டது, பூசலாமா என்று போனில் கேட்டு, டாக்டரையும் கேட்டுச் சொல்லச் சொன்னேன். சரி என்று பதில் வந்ததும் கரிப் பல்பொடியைக் கொஞ்சம் நல்லெண்ணெயில் குழைத்தேன். வீட்டில் பஞ்சு சுற்றிய குச்சி இருந்தது. அவர் சவரம் செய்கிற கண்ணாடி ஒன்று, என் கைப்பையில் இருந்த வட்டக் கண்ணாடி ஒன்று, மகளுடைய போனில் டார்ச்.

முதலில் என் நாக்கு. பூசிக்கொண்டு ‘அட’ என்று சொல்லி வாயைத் திறந்தேன். மகள் போட்டோ எடுத்துக் காட்டினாள். அண்ணத்தில், பல்லுக்கு நன்றாகப் பின்னால், கறுப்பாக ஒரு பிறை. வாயைக் கழுவிவிட்டு ‘அத’. இப்போது பல்லின் பின்புறம் எல்லாம் கறுப்பு. ‘அல’ சொன்னபோது நடுவில் மட்டும் கறை, இரண்டு ஓரமும் சுத்தம். காற்று இரண்டு பக்கமும் வழிந்து போயிருக்கிறது. மதகில் பலகை போட்டு அடைத்தால் தண்ணீர் ஓரமாகக் கசிந்து வருமே, அது மாதிரி. எனக்கு நிறுத்த மனமில்லை. ஒவ்வொரு எழுத்தாக வாயைக் கறுப்பாக்கிக் கழுவிக்கொண்டிருந்தேன்.

“நோயாளி நான்தானே?” என்று கேட்டார் அவர்.

அவருக்குப் பூசி, ‘அட’ சொல்ல வைத்தோம். மகள் போட்டோவைக் காட்டினாள். அண்ணத்தில் வலது பக்கம் மட்டும் ஒரு கறை. இடது பக்கம் பச்சைப் பிள்ளையின் வாய் மாதிரி சுத்தமாக இருந்தது. இவ்வளவு நாளும் அவர் அக்கறையில்லாமல் பேசுகிறார், முயற்சி செய்தால் வரும் என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு எரிச்சல் இருந்தது. அந்தப் படம் எரிச்சலை அடக்கிவிட்டது. தொடுவதற்கு அங்கே நாக்கே இல்லை. அவர் என்ன செய்வார்?

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் சர்ச் உபதேசியார் நோயாளிக்காக ஜெபம் பண்ண வந்தார். வாசலில் அவருடைய சைக்கிள் மணி கேட்டதும் நான் யோசிக்காமல் போய்க் கதவைத் திறந்து, “வாங்கய்யா” என்று வாய் நிறையச் சிரித்தேன். என் வாய்க்குள் கரி. எனக்குப் பின்னால் நாற்காலியில் என் கணவர், அவர் வாய்க்குள்ளும் கரி. பக்கத்தில் டார்ச்சோடு என் மகள். உபதேசியார் கொஞ்ச நேரம் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் கேட்காமல் கண்ணை மூடி வழக்கத்தைவிட நீளமாக ஜெபம் பண்ணினார். இந்த வீட்டைச் சாத்தானின் எல்லாத் தந்திரங்களுக்கும் விலக்கிக் காத்தருளும் என்று அதில் ஒரு வரி வந்தது. காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

போட்டோக்களை எடுத்துக்கொண்டு தஞ்சாவூருக்குப் போனோம். அந்தப் பெண் பார்த்துவிட்டு, முதலில் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நுனியை மறந்துவிடுங்கள், நாக்கின் நடுப்பாகத்தை மேலே தூக்கி வலது பக்கம் சாய்த்து அடையுங்கள் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். அது நம்முடைய ‘ட’ இல்லை. ஆனால் கேட்கிறவர் காதில் ‘ட’ என்றே விழும். வாய் எந்த வழியில் போனாலும் சரி, காதுக்கு வந்து சேர்ந்தால் போதும் என்றாள். அதைக் கேட்டு நான் பஸ் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். அப்படியானால் ‘ட’ என்பது என் வாயில் இருக்கிறதா, கேட்கிறவர் காதில் இருக்கிறதா?

தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பயிற்சி. நான் ஒவ்வோர் ஊராகச் சொல்வேன், அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். நாச்சியார்கோவில். எரவாஞ்சேரி. பூந்தோட்டம். நடுவில் வருகிற சின்ன நிறுத்தங்கள்: ரைஸ் மில், மதகடி, நெல் கொள்முதல் நிலையம். கும்பகோணத்தை நான்கு துண்டாக்கி, கும், ப, கோ, ணம் என்று படியேற வைத்தேன். அவர் எல்லாவற்றுக்கும் பணிந்தார். என் வகுப்புப் பிள்ளைகள்கூட அவ்வளவு பணிந்ததில்லை. சில நாள் கண்ணில் தண்ணீர் நிற்கும், வலியா என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் போவார்.

ஒரு நாள் மட்டும் முரண்டு பிடித்தார். எங்கள் தெருவில் ஒரு சாவு. துக்கம் கேட்கப் போய்விட்டு வந்து, சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“எல்லாரும் த்சோ, த்சோன்னு நாக்கைச் சப்புக் கொட்டுறாங்க. எனக்கு அதுகூட வரல. பேசாம கல்லு மாதிரி ஒக்காந்துட்டு வந்தேன்.”

எனக்கு மனசு கனத்துப் போயிற்று. அதே சமயம், என் புத்தி சும்மா இருக்குமா, ‘த்சோ’ எந்த எழுத்து என்று உள்ளே ஒரு மூலையில் கேள்வி ஓட ஆரம்பித்துவிட்டது. நெடுங்கணக்கில் அதற்கு இடம் கிடையாது. மற்ற ஒலிகளுக்குக் காற்று வெளியே போகிறது. இதற்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டி உறிஞ்சிவிட்டுப் பிரிகிறது. மாட்டை ஓட்ட ஒரு சொடுக்கு, கோழியைக் கூப்பிட ஒன்று, நடவில் பெண்கள் போடுகிற குலவை ஒன்று. எழுத்தே இல்லாத எத்தனை ஒலிகளை இந்த ஊர் வாயில் வைத்திருக்கிறது! துக்கத்துக்கும்கூட எழுத்தில்லாத ஒன்றைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறோம். அன்றைக்கு ஊர்ப் பெயர்களை ஒதுக்கிவிட்டு அவரும் நானும் ‘த்சோ’ பழகினோம். வலது பக்கமாக உறிஞ்சினால் வந்தது. வந்ததும் எழுந்து, மறுபடியும் அந்தத் துக்க வீட்டுக்கே போய்விட்டு வந்தார்.

சம்பா நடவு வந்தது. சொன்னபடி முதலாளி கூப்பிட்டார். என் கணவர் காக்கிச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார். நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, சாதாரணப் பயணி மாதிரி டிக்கெட் எடுத்து நடு சீட்டில் உட்கார்ந்தேன். முதலாளி என்ஜின் பக்கத்து ஒற்றைச் சீட்டில். டிரைவர் பழைய ஆள், என் கணவரோடு வருஷக்கணக்கில் ஓட்டியவர். அவர் என்ன செய்தார் என்றால், மரியாதைக்காக, வண்டியில் எப்போதும் அலறுகிற பாட்டை நிறுத்திவிட்டார்.

“அண்ணன் பேசுறது எல்லாருக்கும் கேக்கட்டும்” என்றார்.

நன்னிலம் பஸ் ஸ்டாண்டில் என் கணவர் கீழே நின்று, கும்பகோணம், கும்பகோணம் என்றார். அத்தனை எழுத்தும் இருந்தன. நான் சொல்லிக்கொடுத்த ‘ப’, நான் சொல்லிக்கொடுத்த ‘ண’. நின்றிருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே நின்றார்கள். பின்னால் வந்த பஸ்காரன் ‘கும்மோணம் மோணம் மோணம்’ என்று ஒரு இழுப்பு இழுத்தான். பாதிப் பேர் அதில் போய் ஏறினார்கள்.

பாட்டு இல்லாத பஸ் கோயில் மாதிரி இருந்தது. அவர் வாயைத் திறந்தால் போதும், பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கன்னத்தில் விழுந்திருந்த குழியைப் பார்த்தார்கள். அவர் இன்னும் நிதானமாக, இன்னும் சுத்தமாகச் சொன்னார். மதகடியில் இறங்க வேண்டிய நடவுப் பெண்கள் தூக்குவாளிகளோடு பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். மதகடி, என்றார். எழுத்து பிசகவில்லை. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வண்டி நின்று, விசில் கொடுத்து, கிளம்பி, வயலுக்கு நடுவே வெகுதூரம் வந்த பிறகு அந்தப் பெண்கள் கூச்சல் போட்டார்கள்.

“மதகடின்னு சொல்லவே இல்லயே!”

“சொன்னாரும்மா” என்றார் டிரைவர்.

“அதுவா? என்னமோ படிச்சிக்கிட்டிருக்காருன்னுல்ல நெனச்சோம். எறங்கச் சொல்றாருன்னு யாருக்குத் தெரியும்?”

முதலாளி திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. கும்பகோணம் வரைக்கும் அதே கதைதான். சுத்தமாகச் சொன்னார், ஜனம் அவர் முகத்தைப் பார்த்தது, நிறுத்தம் தாண்டிப் போனது.

கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் நான் இறங்கி அவரிடம் போனேன். டீ வாங்கிக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை.

“ஷெட்டுக்கே போயிடுறேன். விடு” என்றார்.

“எல்லா எழுத்தும் சரியா வந்துச்சுங்க.”

“வந்துச்சு. அத வச்சு என்ன பண்றது?”

எங்கே தப்பு என்று எனக்குத் தெரியவில்லை. அழுகையாக வந்தது. அவ்வளவு உழைப்பும் அவருடையது, திட்டம் மட்டும்தான் என்னுடையது. தோற்றது அவர் முகத்தில் எழுதியிருந்தது.

திரும்பும் ட்ரிப்பில் டிரைவர் பாட்டைப் போட்டுவிட்டார். “கோச்சுக்காதீங்கண்ணே, பாட்டில்லாம எனக்குக் கண்ணு சொருகுது” என்றார். வேறு யோசனை எதுவும் அவருக்கு இல்லை. பாட்டு அதிர்ந்தது. கூரைத் தகரம் சேர்ந்து அதிர்ந்தது. இதில் நாங்கள் பழகிய ‘கும், ப, கோ’ எல்லாம் எந்த மூலைக்கு? என் கணவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அல்லது கோபமாகவும் இருக்கலாம். படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, பாட்டுக்கு மேலே போகிற மாதிரி கத்தினார். நன்னிலம் என்று அதற்குப் பெயர் சொல்ல முடியாது. ‘ன்னிலாஅம், லாஅம், லாஅம்’ என்று மேலே ஏறி, ஓர் இடத்தில் நின்று, சட்டென்று கீழே விழுந்தது. அதில் இருந்த ‘ல’ ‘ல’வே இல்லை. நாங்கள் மாதக்கணக்கில் திருத்தியது ஒன்றும் அதில் இல்லை.

கூட்டம் ஏறியது. ஓடி வந்து ஏறியது.

நாச்சியார்கோவிலுக்கு முன்னால் இன்னொரு கத்தல். அது கொஞ்சம் நீளம், நடுவில் ஒரு மடிப்பு. முன்சீட்டில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தாமலே எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டிச் சத்தத்தில் ‘ச’வும் ‘த’வும் ‘ட’வும் படிக்கட்டைத் தாண்டி உள்ளே வந்ததே கிடையாது. அவர் நாக்கு முழுசாக இருந்த காலத்திலும் வந்திருக்காது. உள்ளே வந்தது இழுப்பும் ஏற்ற இறக்கமும் மட்டும்தான். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு ராகம் உண்டு, ஜனம் அதைக் கேட்டுத்தான் இவ்வளவு வருஷமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. குரல்வளையில் பிறந்து உயிரெழுத்தில் ஏறி வருகிற ராகம். டாக்டர்களின் கத்தி அந்தப் பக்கமே போகவில்லை. நான் அவருக்கு எழுத்தைத் திருப்பிக் கொடுக்கிற அவசரத்தில், மிச்சமிருந்த ராகத்தைப் பிடுங்கி வைத்திருந்தேன். சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. எழுத்துகளின் பிறப்பைப் பார்த்தவள், பேச்சு என்றால் எழுத்து மட்டும்தான் என்று நம்பிவிட்டேன்.

எரவாஞ்சேரிக்கு அவர் கத்தியபோது முதலாளி போனை எடுத்தார். ஒரு காதைப் பொத்திக்கொண்டு சத்தமாகப் பேச வேண்டியிருந்ததால் எனக்கும் கேட்டது. “நாளைலேருந்து நீ பழைய வண்டிக்கே போயிடுப்பா. ஆமா, அண்ணன் வந்துட்டாரு” என்றார். அவர் மாற்று ஆளிடம்தான் பேசினார். படிக்கட்டில் நின்றவருக்கு அது கேட்டதா என்று எட்டிப் பார்த்தேன். அவர் முதுகுதான் தெரிந்தது. காற்றில் சட்டை உப்பியிருந்தது.

பஸ்ஸில் ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தார்கள், ஜன்னலுக்கு வெளியே புது நடவைப் பார்த்தார்கள், பக்கத்து ஆளிடம் வம்பு பேசினார்கள். அவர் கத்த வேண்டியது, அவர்கள் எழுந்து போக வேண்டியது. நான் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டு, வாய் எப்படி அசைகிறது, நாக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வேறு. என் பக்கத்தில் ஜன்னலோரம் ஒரு பெண், மடியில் ஒயர் கூடையை வைத்துக்கொண்டு கும்பகோணத்திலிருந்தே தூங்கிக்கொண்டு வந்தாள். தலை என் தோளில் வந்து வந்து முட்டியது. பூந்தோட்டத்துக்கு முன்னால் அவர் மறுபடியும் குரல் கொடுத்தார். அவள் விருட்டென்று கண்ணைத் திறந்து, கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். நான் அவளுக்கு வழி விடாமல் உட்கார்ந்திருந்தேன்.

“கொஞ்சம் நகருங்கக்கா, எறங்கணும்” என்றாள். நான் அசையாததைப் பார்த்து அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. “கண்டக்டர் அந்தக் கத்துக் கத்துறாரு, காதுல விழலயா ஒங்களுக்கு?”

“விழுந்துச்சும்மா” என்று சொல்லி, காலை ஒதுக்கிக்கொண்டேன்.